கம்பெனி கைமாறினால் உங்கள் வேலை என்ன ஆகும்? நோக்கியா முதல் விஎம்வேர் வரை, எண்கள் சொல்லும் கதை

ஒரு டெக் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், ஊழியர்களுக்கு ஒரு மெயில் வரும். 'இது நம் பயணத்தின் அடுத்த அத்தியாயம்', 'இப்போதைக்கு எதுவும் மாறாது' என்று அதில் இருக்கும். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பிராட்காம் நிறுவனம், விஎம்வேரை சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அதற்கு முன் இரு நிறுவனங்களும் தனித்தனியாகத் தாக்கல் செய்த ஆண்டறிக்கைகளின்படி விஎம்வேரில் சுமார் 38,300 பேர், பிராட்காமில் சுமார் 20,000 பேர். கூட்டினால் 58,300. ஓராண்டு கழித்து வந்த பிராட்காம் ஆண்டறிக்கையில் மொத்த ஊழியர் எண்ணிக்கை சுமார் 37,000.

21,000-க்கும் அதிகமானோர் எங்கே போனார்கள்? எல்லோரும் வேலைநீக்கம் செய்யப்பட்டவர்கள் அல்ல. விஎம்வேரின் ஒரு பிரிவையே பிராட்காம் இன்னொரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்தவர்கள் அந்தப் பிரிவோடு போனார்கள். சிலர் தாமாகவே வேறு வேலை தேடிக்கொண்டார்கள். கணிசமானோர் வேலை இழந்தார்கள். மூன்றையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் 'எதுவும் மாறாது' என்ற மெயிலுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரம் பெரிது.

ஏன் இப்படி நடக்கிறது? யாருக்கு முதலில் பாதிப்பு வரும்? இந்தியாவில் இருக்கும் ஊழியருக்குச் சட்டம் என்ன தருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாங்கினவுடன் ஏன் ஆட்குறைப்பு?

காரணங்கள் மூன்று வகை. பெரும்பாலான டீல்களில் இவை கலந்தே இருக்கும்.

முதலாவது, இரட்டை வேலை. இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு ஹெச்ஆர் துறை, இரண்டு கணக்குப் பிரிவு, இரண்டு சட்டப் பிரிவு தேவையில்லை. இதைத்தான் கார்ப்பரேட் மொழியில் 'சினர்ஜி' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்தச் சொல்லுக்கு நடைமுறையில் பெரும்பாலும் 'செலவுக் குறைப்பு' என்றே பொருள்.

இரண்டாவது, கொடுத்த விலை. பெரிய விலை கொடுத்து வாங்கியவர், அதற்கேற்ற லாபத்தைக் காட்டியாக வேண்டும். கடன் வாங்கி வாங்கியிருந்தால் வட்டியும் கட்ட வேண்டும். வருமானத்தை ஒரே இரவில் உயர்த்த முடியாது. சம்பளப் பட்டியலை ஒரே இரவில் சுருக்க முடியும்.

மூன்றாவது, வாங்கியதை ஓடவிடுவதா மூடுவதா என்ற முடிவு. சில சமயம் வாங்கியவருக்குத் தேவைப்படுவது காப்புரிமையோ வாடிக்கையாளர் பட்டியலோ மட்டும்தான். தயாரிப்பு கைவிடப்பட்டால், அதைச் செய்த டீமும் போகும்.

இந்த மூன்றுக்கும் தெளிவான உதாரணங்கள் இருக்கின்றன.

விஎம்வேர்: முன்கூட்டியே எழுதப்பட்ட கணக்கு

பிராட்காமின் தலைமைச் செயல் அதிகாரி ஹாக் டான் மென்பொருள் நிறுவனங்களை வாங்குவது விஎம்வேரோடு தொடங்கவில்லை. 2018-ல் சிஏ டெக்னாலஜீஸ், 2019-ல் சைமன்டெக்கின் கார்ப்பரேட் பாதுகாப்புப் பிரிவு என்று ஏற்கெனவே வாங்கியவர். பெரிய வாடிக்கையாளர்கள் மீது கவனம், லாபம் தரும் தயாரிப்புகளில் மட்டும் முதலீடு, மற்றவற்றில் செலவைக் குறைப்பது என்பதுதான் அவருடைய பாணி.

2022 மே மாதம் விஎம்வேர் டீலை அறிவித்தபோதே, டீல் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் விஎம்வேரிலிருந்து ஆண்டுக்கு சுமார் 850 கோடி டாலர் செயல்பாட்டு லாபம் வர வேண்டும் என்று பிராட்காம் இலக்கு சொன்னது. வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் இது. விஎம்வேர் அதுவரை ஈட்டிவந்ததைவிட இது மிக அதிகம். ஆட்குறைப்பு என்ற வார்த்தை அந்த வாக்கியத்தில் இல்லை. ஆனால் அந்த எண்ணை எப்படி எட்டுவார்கள் என்று யோசித்தவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும்: ஒரு பக்கம் வருமானத்தை உயர்த்துவது, மறுபக்கம் செலவைக் குறைப்பது.

இரண்டும் நடந்தன. டீல் முடிந்த அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தா முறைக்கு மாறியது. அதே வேகத்தில் ஆட்குறைப்பும் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ அலுவலகத்தில் மட்டும் 1,267 பேர் வேலை இழக்கிறார்கள் என்று மாநில அரசுக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது.

இதில் இருந்து ஒரு பாடம்: டீல் அறிவிக்கப்படும் நாளில் ஊழியர்களுக்கு அனுப்பும் மெயிலைவிட, முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் பிரசன்டேஷனில்தான் உண்மை அதிகம். இரண்டுமே ஒரே நிறுவனம் எழுதுவதுதான். ஆனால் இரண்டாவதில் பொய் சொன்னால் வழக்கு வரும்.

ட்விட்டர்: கடன் யார் தலையில்?

2022 அக்டோபர் 27-ல் ஈலான் மஸ்க், ட்விட்டரை ஒரு பங்கு 54.20 டாலர் என்ற கணக்கில் சுமார் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அன்றே தலைமைச் செயல் அதிகாரி பராக் அகர்வால் உள்ளிட்ட உயர் நிர்வாகிகள் நீக்கப்பட்டனர். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, சுமார் 7,500 ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. வேலை இருக்கிறது என்றால் ஆபீஸ் மெயிலுக்குத் தகவல் வரும், இல்லை என்றால் சொந்த மெயிலுக்கு வரும். இதுதான் ஊழியர்களுக்குச் சொல்லப்பட்ட நடைமுறை. பலருக்கு மெயில் வருவதற்கு முன்பே லேப்டாப் லாக் ஆகிவிட்டது.

கம்பெனி ஒரு நாளைக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் இழக்கிறது, வேறு வழியில்லை என்று மஸ்க் ட்வீட் செய்தார். இந்தக் கணக்கை முந்தைய ஆண்டு அறிக்கையோடு வைத்துப் பார்க்கலாம். 2021-ல் ட்விட்டரின் வருமானம் சுமார் 508 கோடி டாலர்; நிகர நஷ்டம் சுமார் 22 கோடி டாலர். அதாவது நாளுக்கு 6 லட்சம் டாலர். அதுவும் ஒரு பழைய வழக்கை முடிக்கக் கொடுத்த பெரிய தொகையையும் சேர்த்துத்தான்.

இடையில் என்ன மாறியது? விளம்பரச் சந்தை மந்தமானது ஒரு காரணம். இன்னொன்று, டீலுக்காக வங்கிகளிடம் வாங்கிய சுமார் 1,300 கோடி டாலர் கடன். இது மஸ்க்கின் சொந்தக் கணக்கில் ஏறவில்லை, ட்விட்டர் நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. வட்டி மட்டும் ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. வாங்கப்பட்ட நிறுவனமே, தன்னை வாங்குவதற்கான கடனை அடைக்க வேண்டும். இது ஏதோ விசித்திரம் இல்லை. கடன் வைத்து நிறுவனம் வாங்கும் முறையே இதுதான்.

நவம்பர் நடுவில், மிச்சமிருந்தவர்களுக்கு 'தீவிரமாக உழைக்கத் தயாரா, இல்லையென்றால் மூன்று மாத இழப்பீட்டோடு கிளம்புங்கள்' என்று இன்னொரு மெயில் வந்தது. நூற்றுக்கணக்கானோர் கிளம்பினார்கள். 8,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த எண்ணிக்கை சுமார் 1,500 ஆகிவிட்டது என்று 2023 ஏப்ரலில் பிபிசி பேட்டியில் மஸ்க்கே சொன்னார்.

இந்தியாவில் ட்விட்டருக்கு 200-க்கும் அதிகமான ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த முதல் வாரத்திலேயே நீக்கப்பட்டார்கள். 2023 பிப்ரவரியில் டெல்லி, மும்பை அலுவலகங்கள் மூடப்பட்டதாகவும் பெங்களூரு மட்டும் தொடர்வதாகவும் செய்திகள் வந்தன.

அமெரிக்காவில் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பழைய நிர்வாகம் உறுதியளித்த இழப்பீடு தரப்படவில்லை என்று முன்னாள் ஊழியர்கள் பல வழக்குகள் போட்டார்கள். ஒன்றில் மட்டும் கேட்கப்பட்ட தொகை 50 கோடி டாலர். அகர்வால் உள்ளிட்ட நான்கு முன்னாள் நிர்வாகிகள் 12.8 கோடி டாலருக்கு மேல் கேட்டு 2024 மார்ச்சில் வழக்குத் தொடர்ந்தார்கள். வாங்குபவர் என்ன தருவார் என்பது முக்கியம்தான். அது எந்தக் காகிதத்தில், யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அதைவிட முக்கியம்.

நோக்கியா: டீலில் சேராததே பிரச்னையானது

மூன்றாவது உதாரணம் நமக்கு மிகப் பக்கம். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2014 ஏப்ரலில் டீல் முடிந்தது. சுமார் 25,000 பேர் மைக்ரோசாஃப்ட்டுக்கு மாறினார்கள். மூன்றே மாதத்தில், ஜூலை 17 அன்று, 18,000 வரை வேலைகள் குறைக்கப்படும் என்று சத்யா நாதெல்லா அறிவித்தார். அவற்றில் சுமார் 12,500 நோக்கியாவிலிருந்து வந்த வேலைகள். அதாவது மாறியவர்களில் சரிபாதி. அடுத்த ஆண்டு இன்னும் 7,800 வேலைகள் போயின. டீலின் மதிப்பில் சுமார் 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் நஷ்டமாக எழுதித் தள்ளியது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கதை வேறு. 2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, ஒரு கட்டத்தில் நேரடியாக சுமார் 8,000 பேருக்கு வேலை கொடுத்தது. வருமான வரித் துறையோடு இருந்த வழக்கால் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. எனவே ஆலை டீலில் இருந்து விலக்கப்பட்டு நோக்கியாவிடமே தங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும், 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அதற்குள் 5,000-க்கும் அதிகமானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். பெயர்தான் 'விருப்பம்'.

புது முதலாளி வந்து வேலையைப் பறிக்கவில்லை. புது முதலாளிக்கு அவர்கள் ஊழியர்களாகவே ஆகவில்லை. எனவே ஒரு டீல் வரும்போது 'நாம் டீலுக்குள் இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா?' என்பதுதான் முதல் கேள்வி.

யாருக்கு முதலில்? எப்போது?

அறிவிப்புக்கும் டீல் முடிவதற்கும் இடையே பல மாதங்கள் ஆகும். போட்டி ஆணையங்களின் அனுமதி வரும்வரை இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகத்தான் இயங்க வேண்டும் என்பது சட்டம். விஎம்வேருக்கு இது ஒன்றரை ஆண்டு நீண்டது. இந்தக் காலத்தில் இணைப்பை ஒட்டிய பெரிய ஆட்குறைப்பு பொதுவாக வராது. புது ஆள் எடுப்பது மட்டும் நிற்கும்.

டீல் முடிந்த முதல் சில வாரங்களில் உயர் நிர்வாகமும், இரட்டையாக இருக்கும் ஹெச்ஆர், கணக்கு, சட்டம், மார்க்கெட்டிங் பிரிவுகளும் பாதிக்கப்படும். அடுத்த சில மாதங்களில் விற்பனை டீம்கள், ஒன்றோடொன்று மோதும் தயாரிப்புகளின் டீம்கள். ஓராண்டுக்குள் 'முக்கியமில்லை' என்று முடிவான பிரிவுகள் விற்கப்படும் அல்லது மூடப்படும். மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்டை 2023 அக்டோபரில் வாங்கியது. 2024 ஜனவரி 25-ல் கேமிங் பிரிவில் சுமார் 22,000 பேரில் 1,900 பேரை நீக்கியது. இடைவெளி மூன்றரை மாதம்கூட இல்லை.

இந்தியாவில் சட்டம் என்ன தருகிறது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். டீல் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் உரிமை மாறும்.

பங்குகள் கைமாறினால், உங்கள் ஆஃபர் லெட்டரில் உள்ள நிறுவனம் அப்படியே இருக்கும். அதன் உரிமையாளர்தான் மாறுகிறார். சட்டத்தின் பார்வையில் உங்கள் முதலாளி மாறவில்லை. வெளிநாட்டில் நடக்கும் பெரும்பாலான டெக் டீல்கள் இந்தியக் கிளைக்கு இப்படித்தான் வந்து சேரும்.

ஒரு பிரிவையோ தொழிலையோ தனியாக விற்றால், நீங்கள் வேறொரு நிறுவனத்தின் ஊழியர் ஆகிறீர்கள். அப்போது பழைய சர்வீஸ் தொடர வேண்டும், சம்பளமும் நிபந்தனைகளும் குறையக் கூடாது, பின்னாளில் வேலை போனால் மொத்த சர்வீஸுக்கும் சேர்த்து இழப்பீடு தர புது நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு உரிய நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும். தொழிலாளரின் சம்மதம் இல்லாமல் அவரைப் புது முதலாளியிடம் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் கூறியிருக்கிறது.

1947-ன் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஓராண்டு சர்வீஸ் முடித்த 'தொழிலாளரை' ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு என்ற பழைய விதிகள் இதிலும் தொடர்கின்றன. கூடுதலாக, திறன் மேம்பாட்டு நிதி என்ற பெயரில் 15 நாள் ஊதியமும் உண்டு.

ஐடி ஊழியர் 'தொழிலாளரா'? தொழில்நுட்ப வேலை செய்பவர் அந்த வரையறைக்குள் வருவார். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வர மாட்டார்கள். விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருப்பது முக்கியமில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். கோட் எழுதுபவர் கோட் எழுதுபவர்தான். தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் ஐடி துறைக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருந்தது.

பெரிய ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். அந்த விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான். அதுவும் 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளவற்றுக்கு. ஐடி அலுவலகத்துக்குப் பொருந்தாது.

'நீங்களே பேப்பர் போட்டுடுங்க'

இந்தியாவில் ஆட்குறைப்பு பெரும்பாலும் ஆட்குறைப்பு என்ற பெயரில் நடப்பதில்லை. மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, ராஜினாமா கொடுத்தால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் சுத்தமாக வரும், இல்லையென்றால் ரெக்கார்டில் ஏறும் என்பார்கள். இதன் விலை என்ன?

சட்டப்படி கணக்கில் வரும் மாத ஊதியம் 60,000 ரூபாய், சர்வீஸ் 6 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு இழப்பீடு தோராயமாக 1.8 லட்சம். திறன் மேம்பாட்டு நிதி சுமார் 30,000. ஆக 2.1 லட்சம் ரூபாய். ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் இது சட்டப்படி பூஜ்யம். கிராஜுவிட்டி சுமார் 2.08 லட்சம், இரண்டு வழியிலும் உண்டு. நிறுவனம் இதைவிட நல்ல பேக்கேஜ் தரலாம். அப்போது ராஜினாமா செய்வதும் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் தனிமனித நஷ்டத்தைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால், 60 நாள் முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மாநிலங்கள் அதைப் பொதுவில் வெளியிடுகின்றன. அதனால்தான் ட்விட்டர் கலிஃபோர்னியாவில் 983 பேரை நீக்கியது என்று ஒற்றை இலக்கம் வரை நமக்குத் தெரிகிறது. இந்தியாவில் நிறுவனவாரியாக அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. அரசுக்குத் தகவல் தர வேண்டிய கடமையும் 'ஆட்குறைப்பு' என்றால்தான். ராஜினாமா என்றால் அது எந்தக் கணக்கிலும் வராது. பாலோ ஆல்டோவில் போன 1,267 வேலைகள் ஒரு புள்ளிவிவரம். பெங்களூருவிலோ சென்னையிலோ அதே மாதம் போன வேலை, லிங்க்ட்இன்னில் 'ஓப்பன் டு வொர்க்' என்ற பச்சை வளையம் மட்டும்தான்.

உங்கள் கம்பெனி கைமாறுகிறதா? இவற்றைச் செய்யுங்கள்

- ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் கடிதங்கள், பங்கு ஒதுக்கீட்டு ஆவணங்கள் ஆகிய உங்கள் சொந்தக் காகிதங்களின் நகல் கையில் இருக்கட்டும். ஆபீஸ் மெயில் லாக் ஆனபின் தேட முடியாது. கம்பெனியின் கோட், டேட்டா எதையும் எடுக்காதீர்கள். அது வேறு வம்பு.

- இது பங்கு விற்பனையா, பிரிவு விற்பனையா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் முதலாளியின் பெயர் மாறுகிறதா என்பதே சுருக்கமான கேள்வி.

- 'இங்கே ராஜினாமா, அங்கே புதுசா ஜாயினிங்' என்றால், பழைய சர்வீஸ் தொடரும் என்ற வரி புதுக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராஜுவிட்டிக்கான ஐந்து ஆண்டுக் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

- வெஸ்ட் ஆகாத பங்குகள் பணமாகுமா, புது நிறுவனப் பங்காகுமா, வேலை போனால் என்ன ஆகும் என்று கேட்டு வையுங்கள். பலருக்கு சம்பளத்தைவிட இதில்தான் இழப்பு அதிகம்.

- ராஜினாமா கேட்டால், அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. 'யோசித்துச் சொல்கிறேன், மெயிலில் அனுப்புங்கள்' என்று சொல்ல உரிமை உண்டு. தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

- வேலை முடிந்தால், வர வேண்டிய ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் கிடைக்க வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. 45 நாள் ஆகும் என்று சொன்னால் இதைக் காட்டுங்கள்.

- அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு, வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் புது நிறுவனம் மனு செய்ய வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். 'கடைசி வேலை நாள்' எது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கைமாறும் எல்லா நிறுவனங்களிலும் வேலை போவதில்லை. வாங்கப்பட்ட பின் வளர்ந்த டீம்களும் உண்டு. உங்கள் டீம் எந்தப் பக்கம் என்று தெரிய, டீல் அறிவிப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எவ்வளவு கடன், எவ்வளவு செலவுக் குறைப்பு இலக்கு, எந்தத் தயாரிப்பின் பெயர் அதில் இல்லவே இல்லை. உங்கள் தயாரிப்பின் பெயர் இல்லையென்றால், ரெஸ்யூமை அப்டேட் செய்ய டீல் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.